செத்தும் ஓயாத உழைப்பு: ‘ஜாம்பி’ என்ற சொல்லின் கதை

ஹைட்டி நாட்டின் கிராமங்களில் 1940களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் மெத்ரோ, அங்கே சாவு வீடுகளில் நடந்த சில ஏற்பாடுகளை எழுதிவைத்திருக்கிறார். இறந்தவரின் வாயைச் சிலர் ஊசிநூலால் தைத்துவிடுவார்கள். நடுநிசியில் கல்லறை மேட்டில் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிணம் பதில் சொல்லிவிடக் கூடாது. சிலரைக் குப்புறப் படுக்கவைத்துப் புதைப்பார்கள். கையில் ஒரு கத்தியையும் வைப்பார்கள். சவப்பெட்டிக்குள் ஒரு கை எள்ளைத் தூவுவதும் உண்டு, காதில்லாத ஊசி ஒன்றைப் போடுவதும் உண்டு. எள்ளை எண்ணிக்கொண்டோ, காதில்லாத ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டோ இருந்தால், வெளியே கூப்பிடும் குரல் காதில் விழாது என்பது நம்பிக்கை.

பிணம் எழுந்து வந்து தங்களைக் கடித்துவிடும் என்று அந்தக் குடும்பங்கள் பயப்படவில்லை. அவர்கள் பயந்தது இறந்தவருக்காக. போக்கோர் எனப்படும் மந்திரவாதி ஒருவன் இரவில் வந்து உடலைத் தோண்டி எடுத்து, உயிரை ஒரு குப்பியில் அடைத்துவைத்துக்கொண்டு, உடலை மட்டும் யாரோ ஒருவருடைய வயலுக்கு ஓட்டிக்கொண்டு போவான். அங்கே அது பேச்சும் நினைவும் கூலியும் இல்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட உடலுக்கு ஹைட்டியின் கிரெயோல் மொழியில் ‘ஸோன்பி’ என்று பெயர். உலகம் முழுவதும் இன்று ‘ஜாம்பி’ என்று சொல்வது இதைத்தான்.

சொல் ஊர் ஊராகப் போனபோது அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. இன்றைய திரைப்படத்தில் ஜாம்பி துரத்துகிறது, நாம் ஓடுகிறோம். ஹைட்டியில் ஜாம்பி யாரையும் துரத்தியதில்லை. அதைத்தான் எல்லோரும் துரத்தி வேலை வாங்கினார்கள். இந்த மாற்றத்துக்குள் முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி கரும்பு வயலில் நடந்தது.

சொல்லின் வேர் மத்திய ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய அங்கோலாவும் இரு காங்கோ நாடுகளும் இருக்கும் பகுதியில் இருப்பதாகப் பெரும்பாலான மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே பேசப்படும் கிகோங்கோ மொழியில் ‘ன்ஸாம்பி’ என்பது கடவுளைக் குறிக்கும். பக்கத்து மொழியான கிம்புண்டுவில் ‘ன்ஸும்பி’ என்பது இறந்தவரின் ஆவி. போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் அந்தக் கரையிலிருந்து இலட்சக்கணக்கானவர்களைப் பிடித்து அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றார்கள். மனிதர்களோடு சொற்களும் கப்பலேறின. பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் மலைக்காட்டுக்குள் அமைத்த பல்மாரெஸ் என்ற சுதந்திரக் குடியிருப்பின் கடைசித் தலைவன் பெயர் ஸும்பி. போர்த்துக்கீசியர் 1695 நவம்பர் 20 அன்று அவனைக் கொன்றார்கள். பிரேசில் இன்றும் அந்த நாளைக் கறுப்பின விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறது.

ஸும்பி இறந்து இரண்டே ஆண்டுகளில், 1697இல், அதே குடும்பத்துச் சொல் ஒரு பிரெஞ்சு நூலின் தலைப்பில் ஏறியது. பிரான்ஸிலிருந்து கைதியாக நாடு கடத்தப்பட்டு, கரிபியக் கடலின் குவாதலூப் தீவுக்கு வந்து சேர்ந்த பியேர் கோர்னெய் பிளெஸ்புவா எழுதிய ‘கிராண்ட் பெருவின் ஜாம்பி’ என்ற கதைதான் அது. கிராண்ட் பெரு என்பது குவாதலூப்பின் கப்பெஸ்தேர் பகுதியில் இருந்த ஒரு கரும்புத் தோட்டம். காதலனைப் பயமுறுத்தித் திரும்பப் பெற விரும்பும் ஒரு சீமாட்டி, தன்னைக் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக மாற்றும்படி கேட்கிறாள். அந்த ஆவிக்குத்தான் ஜாம்பி என்று பெயர். எழுந்து நடக்கும் பிணம் இந்தக் கதையில் எங்கும் இல்லை.

கப்பெஸ்தேர் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் இல்லை. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடிப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஆள் அனுப்பினார்கள். ‘ஒரெலி’ என்ற கப்பல் 1853இல் மார்த்தினிக் தீவிலும், 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் முதல் கூலிகளை இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் போனார்கள். அவர்களில் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அடிமைகள் விட்டுப்போன அதே வயல்களில் அதே கரும்பை வெட்டினார்கள். கப்பெஸ்தேரின் ஷாங்கி பகுதியில் அவர்களுடைய வம்சாவளியினர் வணங்கும் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஜாம்பி என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்றிய கதை நடக்கும் மண்ணில் தமிழ்க் கூலிகளின் வியர்வையும் விழுந்திருக்கிறது.

பிளெஸ்புவாவின் கதை வந்து நூறு ஆண்டு கழித்து, 1797இல், மார்த்தினிக்கில் பிறந்த மோரோ த சாங் மெரி என்ற வழக்கறிஞர் செயின்ட் டொமிங்கு குடியேற்றத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்றை ஃபிலடெல்ஃபியாவில் வெளியிட்டார். ஜாம்பி என்பது கிரெயோல் சொல், ஆவி அல்லது செத்தும் திரும்பி வருபவர் என்று பொருள் என அதில் குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த அந்தச் செயின்ட் டொமிங்குதான் பின்னாளில் ஹைட்டி ஆனது. திரும்பி வரும் ஆவி, ஓய்வில்லாமல் உழைக்கும் உடலாக மாறியது இங்கேதான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயின்ட் டொமிங்கு உலகின் மிகச் செழிப்பான குடியேற்றம். ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேலும், தின்ற சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும் இந்தச் சின்ன நிலத்திலிருந்து போயின. அதை விளைவிக்கச் சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பை ஊட்டுபவரின் விரல் உருளைகளுக்கு இடையில் சிக்கினால் கை முழுவதும் உள்ளே போய்விடும். உடனே கையை வெட்டி ஆளை மீட்பதற்காகக் கரிபியத் தோட்டங்களில் ஆலைக்குப் பக்கத்திலேயே வெட்டுக்கத்தி வைத்திருப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். அங்கேயே பிறந்து வளரும் அடிமையைவிட, கப்பலில் வரும் புது அடிமை முதலாளிக்கு மலிவாகக் கிடைத்தான். அதனால் 1791 வாக்கில் அங்கிருந்த அடிமைகளில் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். கடைசிக் காலத்தில் வந்தவர்களில் காங்கோ மக்கள் மிக அதிகம்.

வெவ்வேறு ஊர், வெவ்வேறு மொழி, வெவ்வேறு தெய்வம் கொண்ட இந்த மக்கள் சேர்ந்து உருவாக்கிய சமயம்தான் வோடூ. ஆங்கிலப் பத்திரிகைகள் வூடூ ஆக்கியது இதைத்தான். அந்தப் பெயர் இன்றைய பெனின் நாட்டின் ஃபோன் மொழியில் தெய்வ சக்தியைக் குறிக்கும் ‘வோடுன்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. எல்லா அடிமைகளுக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 14ஆம் லூயி மன்னனின் 1685ஆம் ஆண்டு ‘கறுப்புச் சட்டம்’ கட்டளையிட்டிருந்தது. அடிமைகள் தேவாலயத்துக்குப் போனார்கள். புனிதர்களின் படங்களை வாங்கிவந்தார்கள். பாம்புகளை விரட்டும் புனித பேட்ரிக்கின் படத்தில் தங்கள் நாகதெய்வமான தம்பாலாவைக் கண்டார்கள். ‘லுவா’ எனப்படும் இந்தத் தெய்வங்கள் வழிபடுபவர்மீது இறங்கி ஆடும், பேசும், வைத்தியம் சொல்லும். பூசாரிக்கு உங்கான் என்றும் பூசாரியம்மாவுக்கு மம்போ என்றும் பெயர். நோய்க்கு மருந்து கொடுப்பதும், சண்டை தீர்ப்பதும், செத்தவரின் உயிரை முறைப்படி வழியனுப்புவதும் அவர்கள் வேலை. காசுக்காக ஏவல் செய்யும் போக்கோர் வேறு வகை ஆள்.

வோடூவின் கணக்கில் மனித உயிர் ஒற்றைப் பொருள் இல்லை. உடலை இயக்கும் சக்தி ஒன்று. இன்னாரென்று ஒருவரை ஆக்கும் குணமும் மனச்சாட்சியும் விருப்பமும் சேர்ந்த உயிர் இன்னொன்று. ‘பெரிய நல்ல தேவதை’, ‘சின்ன நல்ல தேவதை’ என்று இவற்றைச் சொல்வார்கள். சாவுக்குப் பிறகு உயிர் கடலுக்கு அடியில் பயணம் போய் ‘கினென்’ என்ற மூதாதையர் நாட்டை அடையும். கினென் என்பது கினி, அதாவது ஆப்பிரிக்கா. பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களுக்குச் சாவு ஒன்றுதான் ஊர் திரும்பும் வழியாக இருந்தது. அதனால் பலர் தாமே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இது பரவாமல் தடுக்க, தற்கொலை செய்துகொண்டவர்களின் தலையை வெட்டியும் உடலைச் சிதைத்தும் முதலாளிகள் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். உருக்குலைந்த உடலோடு ஊர் திரும்ப முடியாது என்று அடிமைகள் நினைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

ஜாம்பியின் திகில் இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. சாவுகூட விடுதலை தராது, கினெனுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும், எஜமானன் கல்லறைக்கே வந்து இழுத்துப்போவான் என்பதைவிடப் பெரிய நரகத்தை ஓர் அடிமையால் கற்பனை செய்ய முடியுமா? தீச்சட்டியும் எண்ணெய்க் கொப்பரையும் அதில் இல்லை. காலையில் எழுந்து போன அதே கரும்பு வயல்தான் அதில் இருக்கிறது, முடிவே இல்லாமல்.

1791 ஆகஸ்டில் புவா கய்மான் என்ற காட்டில், தலைவன் பூக்மன் முன்னிலையில் வோடூ பூசை நடத்திச் சத்தியம் செய்துகொண்டு அடிமைகள் எழுந்தார்கள் என்பது ஹைட்டி மக்களின் நினைவு. சில நாட்களில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர், ஆங்கிலேயர் என்று மூன்று பேரரசுகளின் படைகளோடு போரிட்டு, கடைசியில் நெப்போலியன் அனுப்பிய சேனையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று அவர்களின் தலைவர் ஜான் ஜாக் தெஸாலின் சுதந்திரத்தை அறிவித்தார். அடிமைகள் தாமே போராடி வென்று அமைத்த நாடு உலக வரலாற்றில் இது ஒன்றுதான்.

அப்போதே ஜாம்பியும் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. புதிய ஆட்சியாளர்களுக்கு ஏற்றுமதியும் ஆயுதம் வாங்கக் காசும் தேவைப்பட்டன. விடுதலை பெற்றவர்களை மறுபடியும் தோட்டங்களிலேயே இருத்தி வேலை வாங்கினார்கள். பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி ஃபிராங்க் நட்டஈடு கேட்டது. அந்தச் சொத்தில் ஹைட்டி மக்களின் உடல்களும் அடக்கம். 1838இல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட வாங்கிய கடன்களின் பாக்கி 1947 வரை இழுத்தது. கடன் கட்டப் பணம் வேண்டும் என்ற நிலையில், 1826இல் ஜனாதிபதி புவாயேவின் கிராமச் சட்டம் விவசாயியை நிலத்தோடு கட்டிப்போட்டது. அடிமை என்ற பெயர் போன பிறகும் பிறருக்காக உழைக்கும் கட்டாயம் விடவில்லை. கட்டாயம் இருந்தவரை ஜாம்பி பற்றிய பயமும் இருந்தது.

இந்தப் பயம் சட்டப் புத்தகத்திலும் ஏறியது. ஹைட்டியின் 19ஆம் நூற்றாண்டுத் தண்டனைச் சட்டத்தின் 246ஆம் பிரிவு நஞ்சூட்டுவதைப் பற்றியது. ஆளைக் கொல்லாமல் நீண்ட மயக்கத்தில் ஆழ்த்தும் பொருளைக் கொடுப்பதும் நஞ்சூட்டிக் கொல்ல முயன்ற குற்றமே என்று 1864இல் அதில் சேர்த்தார்கள். அப்படி மயங்கியவர் புதைக்கப்பட்டுவிட்டால், பிறகு என்ன ஆனாலும் அது கொலை. ஜாம்பி என்ற சொல் பிரிவில் எங்குமில்லை. ஆனாலும் எதற்காக இந்த வரி எழுதப்பட்டது என்று ஹைட்டியில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1915 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் தலைநகர் போர்த்தோ பிரான்ஸில் இறங்கினார்கள். 1934 வரை போகவில்லை. சாலை போட ஆள் வேண்டும் என்று, மறந்துகிடந்த பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி, ‘கொர்வே’ எனப்படும் கட்டாய வேலையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விவசாயிகளைக் கயிற்றில் பிணைத்து நடத்திச் சென்று கல்லுடைக்க விட்டார்கள். இதை எதிர்த்துக் கிளர்ந்த விவசாயிப் படைக்குத் தலைமை தாங்கிய ஷார்ல்மான் பெரால்தை 1919இல் சுட்டுக் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்து ஊர் ஊராக அந்தப் படத்தைப் பரப்பினார்கள். அமெரிக்க முதலீட்டில் நடந்த ஹாஸ்கோ என்ற சர்க்கரை நிறுவனமும் அந்தக் காலத்தில்தான் போர்த்தோ பிரான்ஸுக்கு வெளியே பெரிய ஆலையை ஓட்டத் தொடங்கியது.

நியூயார்க்கிலிருந்து வந்த வில்லியம் சீப்ரூக் என்ற பயண எழுத்தாளருக்கு, பொலினிஸ் என்ற உள்ளூர் விவசாயி ஒரு கதை சொன்னார். 1918இல் கரும்பு அமோகமாக விளைந்திருந்தது. ஹாஸ்கோ ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. தி ஜோசப் என்பவர் கந்தலுடுத்த ஒரு கூட்டத்தை வரிசையாக ஓட்டிவந்து, ‘மலைக்காட்டு ஜனங்கள், பாஷை தெரியாது’ என்று சொல்லிப் பதிவு செய்தார். அவர்கள் காலை முதல் மாலை வரை தலை நிமிராமல் வெட்டினார்கள். சம்பளத்தை ஜோசப் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி குரோயான்ஸ் அவர்களுக்கு உப்பில்லாத கூழ் தனியாகக் காய்ச்சினாள். ஜாம்பி நாக்கில் உப்புப் படக் கூடாது. பட்டால் தான் செத்தவன் என்ற நினைவு வந்துவிடும்.

ஒரு திருவிழா நாளில் ஜோசப் ஊரில் இல்லை. இவர்களும் கொஞ்சம் வேடிக்கை பார்க்கட்டுமே என்று குரோயான்ஸுக்கு இரக்கம். குருவா தெ பூக்கே சந்தைக்குக் கூட்டிப்போனாள். அங்கே நம்மூர்க் கடலை மிட்டாய் மாதிரி, பழுப்பு வெல்லப் பாகில் நிலக்கடலையைச் சேர்த்து ஊற்றிய ‘தப்லெத்’ வில்லைகளை ஒரு பெண் விற்றுக்கொண்டிருந்தாள். இனிப்புதானே என்று வாங்கிக் கொடுத்தாள் குரோயான்ஸ். பாகில் போடுவதற்கு முன் கடலையை உப்பு நீரில் போட்டெடுத்திருந்தது அவளுக்குத் தெரியாது. வாயில் வைத்த அடுத்த கணம் அத்தனை பேரும் அலறி எழுந்து, மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். தடுக்க யாருக்கும் துணிவில்லை. சொந்தக் கிராமத்தை அடைந்தபோது தாயும் மகனும் அடையாளம் கண்டு பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர்கள் நிற்காமல் இடுகாட்டுக்குப் போய், தங்கள் குழிகளைக் கையால் பறித்து, மறுபடி பிணமாக விழுந்தார்கள்.

கதையில் நடந்ததை நம்பலாமா என்று கேட்பதைவிட, அது எங்கே நடக்கிறது என்று பார்ப்பது முக்கியம். சொல்கிற விவசாயி அமெரிக்க ஆலையின் பெயரை மறைக்கவில்லை. மேஸ்திரி, வேலைப்பதிவு, சனிக்கிழமைச் சம்பளம், இன்னொருவன் பையில் போகும் கூலி எல்லாம் இருக்கின்றன. 120 ஆண்டுக்கு முன் விரட்டிய தோட்டம் திரும்பி வந்துவிட்டது என்ற ஆற்றாமையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

சீப்ரூக்கின் ‘மாயத் தீவு’ 1929இல் வெளிவந்து பரபரப்பாக விற்றது. 1932இல் விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘ஒயிட் ஜாம்பி’ திரைக்கு வந்தது. முதல் முழுநீள ஜாம்பிப் படம் அதுதான். அதில் ஒரு கட்டம்: பெலா லுகோசி நடித்த ஆலை முதலாளியின் கரும்பாலையில், ஜாம்பிகள் பெரிய மரச் செக்கைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகிறார்கள். கூடை சுமந்து மேலே நடக்கும் ஒருவன் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செக்கு கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றுகிறது. ஹாலிவுட் அறிந்தோ அறியாமலோ செயின்ட் டொமிங்குவின் உண்மையை அந்த ஒரு நிமிடத்தில் படம் பிடித்துவிட்டது. ஆனால் படத்தின் கவலையெல்லாம் ஜாம்பியாக்கப்படும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றியது. சுற்றியிருந்த கறுப்பு உடல்கள் வெறும் பயமுறுத்தும் பின்னணி ஆகிவிட்டன. காட்டுமிராண்டி நாட்டைத் திருத்தத்தான் படை போயிருக்கிறது என்று நினைக்க அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு இது வசதியாகவும் இருந்தது.

வேறு கண்ணோடு ஹைட்டிக்குப் போனவர் கறுப்பின எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஸோரா நீல் ஹர்ஸ்டன். பல ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர் என்று ஊர் சொன்ன ஒரு பெண்ணைக் கொனாயிவ் நகர மருத்துவமனையில் 1936இல் நேரில் கண்டு படமெடுத்தார். சுவரோடு ஒட்டி, துணியால் முகத்தை மூடிக்கொண்டு, அடிக்குப் பயந்தவள்போல ஒடுங்கி நின்ற அந்தப் பெண்ணை 1938இல் வெளியான ‘டெல் மை ஹார்ஸ்’ நூலில் ஹர்ஸ்டன் விவரித்தார். அந்தப் பெண் இறந்ததாகச் சொல்லப்பட்டவரே இல்லை என்று ஹைட்டிய மனநல மருத்துவர் லூயி மார்ஸ் பின்னர் காட்டினார்: இறந்தவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது, எக்ஸ்ரேயில் இவருக்கு அப்படி எதுவும் இல்லை. போக்கிடமற்ற ஒரு மனநோயாளியைத் தொலைந்துபோன தங்கள் உறவாக ஒரு குடும்பம் கண்டிருந்தது.

இதே கேள்வி 1980இல் பெரிதாக எழுந்தது. 1962 மே மாதம் மருத்துவமனையில் இறந்ததாகப் பதிவாகிப் புதைக்கப்பட்ட கிளேர்வியஸ் நார்சிஸ் நான்தான் என்று ஒருவர், லெஸ்தெர் ஊர்ச் சந்தையில் தன் சகோதரியின் முன் வந்து நின்றார். நிலத் தகராறில் தனக்கு நஞ்சூட்டினார்கள் என்றும், தோண்டியெடுத்துக் கரும்புத் தோட்டத்தில் மற்றவர்களோடு வேலை வாங்கினார்கள் என்றும் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வாளர் வேட் டேவிஸ் 1982இல் ஹைட்டிக்குப் போய், போக்கோர்களிடம் பொடிகளை வாங்கிவந்தார். பல பொடிகளில் பேத்தை மீன் இருந்தது. அதன் டெட்ரோடோடாக்சின் நஞ்சு, நினைவிருக்கும்போதே உடலை அசைவற்றுப்போகச் செய்யக்கூடியது. மீட்டெடுத்தவரை மயக்கத்திலேயே வைத்திருக்க ஊமத்தையைக் கொடுப்பார்கள் என்றும் அவர் எழுதினார். ஹைட்டியில் ஊமத்தைக்கு ‘ஜாம்பி வெள்ளரி’ என்றே பெயர். பொடிகளைச் சோதித்த வேதியியலாளர்கள், அவற்றில் நஞ்சு மிக அற்பமான அளவில்தான் இருக்கிறது என்று மறுத்தார்கள். ரோலன்ட் லிட்டில்வுட், ஷவான் டூயோன் என்ற இரு மருத்துவர்கள் ஜாம்பி என்று சொல்லப்பட்ட மூவரை ஆராய்ந்து 1997இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். மூவரில் இருவர், தங்கள் பிள்ளை என்று உரிமை கொண்டாடிய குடும்பத்தின் இரத்த உறவே இல்லை என்று மரபணுச் சோதனை காட்டியது.

மருத்துவம் இப்படிச் சொன்னாலும், டேவிஸே வேறொன்றையும் அழுத்திச் சொன்னார்: ஒருவரை மருந்து மட்டும் ஜாம்பி ஆக்கிவிடாது, ஜாம்பி ஆவது என்றால் என்ன என்று அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்க வேண்டும். நார்சிஸின் வாக்குமூலத்திலும் நிலத்தைப் பறிகொடுப்பதும் கரும்பு வயலும் சம்பளமில்லாத உழைப்பும் அதே வரிசையில் வருவது தற்செயல் இல்லை.

இதற்குள் சொல் வேறு பாதையில் வெகுதூரம் போய்விட்டிருந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படமான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ மனிதச் சதை தின்னும் பிணங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது. படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. ரசிகர்கள்தான் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மந்திரவாதி போனான், எஜமானன் போனான், வயல் போனது. கடித்தால் தொற்றும் நோயும் பெருங்கூட்டமும் வந்தன. 2016இல் ஊட்டியில் கொட்டிய ரசாயனத்தால் மனிதர்கள் வெறிபிடித்துத் திரிவதாகக் காட்டிய ‘மிருதன்’, தமிழின் முதல் ஜாம்பிப் படமாக விளம்பரமானது. அதுவும் இந்த ரொமேரோ பரம்பரையில் வந்த பிள்ளைதான்.

ஆப்பிரிக்காவுக்கு அந்தச் சொல் திரும்பியபோது பழைய பொருள் மீண்டது. நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி, சொன்னதைச் செய்யும் இராணுவச் சிப்பாயை ஜாம்பி என்று பாடினார். அந்தப் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1977 பிப்ரவரியில் இராணுவம் அவர் குடியிருப்பைச் சூழ்ந்து கொளுத்தியது. அவருடைய வயதான தாயைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தது. சொந்த விருப்பம் பிடுங்கப்பட்டவன் என்ற ஹைட்டியப் பொருளை ஃபெலா சரியாகப் பிடித்திருந்தார்.

ஹைட்டியிலேயே அந்தப் பொருளை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் எழுத்தாளர் ஃப்ராங்கெத்தியென். 1957இல் ஆட்சிக்கு வந்த ஃபிரான்சுவா துவாலியே, இடுகாட்டுத் தெய்வமான பாரோன் சாம்தியைப் போலக் கறுப்புக் கோட்டும் தொப்பியும் அணிந்து, வோடூவின் அச்சத்தை அரசியல் ஆயுதமாக்கினார். அவருடைய தொந்தொன் மக்கூத் படை இரவில் வந்து ஆட்களைத் தூக்கிப்போகும். அவருக்குப் பின் மகன் ஆண்டான். அந்த ஆட்சிக்குள் இருந்துகொண்டே 1975இல் ஃப்ராங்கெத்தியென் ‘தெஸாஃபி’ நாவலை எழுதினார். ஹைட்டியின் கிரெயோல் மொழியில் வந்த முதல் நாவல் இது. ஒரு கொடிய பூசாரி தன் வயலில் ஜாம்பிகளை வைத்து வேலை வாங்குகிறான். அவன் மகள் சில்தானா அவர்களில் ஒருவனான குளோதோனிஸ்மீது காதல் கொண்டு, உப்பை ஊட்டுகிறாள். அவன் விழிக்கிறான், மற்றவர்களுக்கும் உப்பைக் கொடுக்கிறான். சீப்ரூக் கேட்ட கதையில் உப்புத் தின்றவர்கள் கல்லறைக்குத் திரும்பினார்கள். இந்த நாவலில் எஜமானன்மீது பாய்கிறார்கள். ஹைட்டியில் படித்தவர்கள் அனைவருக்கும் இது யாரைப் பற்றிய கதை என்று புரிந்தது.

வோடூ மக்களுக்குக் கொடுமை செய்தது சர்வாதிகாரம் மட்டுமில்லை. 1941-42இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு ‘மூடநம்பிக்கை ஒழிப்பு’ இயக்கம் நடத்தி, கோயில்களை இடித்துப் பூசை மேளங்களைக் குவித்துக் கொளுத்தியது. துவாலியே மகன் 1986 பிப்ரவரியில் நாட்டைவிட்டு ஓடியபோது, கோபங்கொண்ட கூட்டங்கள் பல உங்கான்களைக் கொன்றன. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஐ.நா. படை முகாமிலிருந்து காலரா பரவியபோதும், பழி வோடூ பூசாரிகள்மீது விழுந்து பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பிணத்தைக் கிளப்புகிறவர்கள் என்று நூறு ஆண்டாகப் படங்களும் பத்திரிகைகளும் பூசிய சாயத்துக்கு இந்தச் சாவுகளில் பங்குண்டு.

ஆனாலும் சில கதவுகள் திறந்தன. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு கிரெயோலை ஆட்சிமொழியாக்கியது; வோடூ சடங்குகளைத் தண்டித்த பழைய சட்டத்தை நீக்கியது. 2003 ஏப்ரலில் அரசாணை ஒன்று வோடூவை மற்றச் சமயங்களுக்கு நிகரான சமயமாக ஏற்றது. பதிவு செய்துகொண்ட உங்கானோ மம்போவோ நடத்தும் ஞானஸ்நானமும் திருமணமும் இறுதிச்சடங்கும் அன்றுமுதல் சட்டப்படி செல்லும். முன்னோர்களின் உயிரைக் கினெனுக்கு வழியனுப்பத் திருட்டுத்தனமாக நடுநிசியில் கூடிய மக்கள், இப்போது தங்கள் பூசாரியை அழைத்துப் பகலில் மேளம் கொட்டித் தங்கள் இறந்தவர்களை அடக்கம் செய்கிறார்கள்.